ஒன்றரை அங்குலமும் கொஞ்சமும்

அந்தப் பனிக்காலத்தில் எங்களிடம் இருந்தது
செத்துப்போன ஒரு கதிரடிக்கும் இயந்திரம்,
ஒரு வண்டி ஆஷ் மரக் கட்டை,
யோசனை சொல்ல ஆளில்லாத சமவெளி.
சஸ்காச்சுவானில் ஜனவரி என்றால்
துப்பிய எச்சில் கல்லாக விழும்.

அண்ணன் புரோகிப் சொன்னான்:
"பன்றிப்பட்டிக்கு ஓர் அளவு அறுக்கிறோம்,
கதவுக்கு ஓர் அளவு,
வேலை முடிந்தால் எல்லாம் அடுப்புக்கு.
இனி எல்லாக் கட்டையும் ஒரே தடிமன்.
துளைக்கும் துளைக்கும் ஒன்றரை அங்குலம்.
ஆணி கிடையாது, போல்ட் மட்டும்.
போட்டதைக் கழற்றலாம்."
நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.
"கழற்றி?"
"வேறொன்று செய்யலாம்."

உடைந்த கலப்பைத் தட்டிலிருந்து ஒரு தகடு.
தகட்டில் ஒரு துளை, துளைக்குப் பக்கத்தில் ஒரு முளை.
போன துளையில் முளையைச் செருகினால்
அடுத்த துளையின் இடம் தானே தெரியும்.
அளவுகோல் வேண்டாம்.
விளக்கில்லாமலும் துளைத்தோம்.

முதலில் கட்டில்.
மார்ச்சில் அதைப் பிரித்து விதைச் சல்லடைக்குச் சட்டம்;
நாங்கள் தரையில் படுத்தோம்.
ஜூனில் சல்லடை
தண்ணீர் இறைக்கும் காற்றாடிக்குக் காலானது.
பழைய மோட்டார் சைக்கிள் என்ஜினை ஏற்றி
உருளைக்கிழங்கு தோண்ட ஒரு வண்டி,
அது பின்பக்கமாக மட்டும் நன்றாக ஓடியது.

மூலையில் மூன்று கட்டைகள் சந்திக்கும்போது
ஒன்றின் தோளில் ஒன்று, அதன் தோளில் மற்றொன்று,
யாரும் யாருக்கும் வழிவிடாமல்
யாரும் விழாமல்:
அதைக் கண்டுபிடித்தது நான்.
புரோகிப் எங்கும் சொன்னதில்லை.

மூன்றாம் வருஷம் கொர்னீலியஸ் தீசன் வந்தார்.
மெனோனைட். பேச்சு குறைவு.
சட்டைப்பையில் எஃகு அளவுகோல்.
எங்களைப் பார்த்து அவரும் துளைத்திருந்தார்,
கோல் வைத்து, கோடு போட்டு.
அவர் கட்டையை எங்கள் கட்டைமேல் வைத்தோம்.
முதல் துளையில் போல்ட் வழுக்கிக்கொண்டு போயிற்று.
நாலாவதில் முரண்டியது.
எட்டாவதில் குனிந்து பார்த்தால்
மறுபக்க வெளிச்சம் பிறையாக.
பன்னிரண்டில் மரம்தான்.

கோலை வைத்தார். கோல் அவர் பக்கம் பேசியது.
எங்கள் ஒன்றரை அங்குலம்
ஒன்றரை அங்குலமும் கொஞ்சமும்.
துளைக்குக் கால் நூல் அதிகம்.
"எல்லாவற்றையும் கொளுத்துகிறேன்" என்றான் புரோகிப்.
கொளுத்தக் கூடியவன்தான்.

நான் எண்ணினேன்.
காற்றாடி, குஞ்சு பொரிக்கும் பெட்டி,
முட்டை தரம்பிரிக்கும் மேசை,
ஏழு பண்ணைகளுக்குக் கொடுத்தது.
தப்பானவை முன்னூற்றுப் பன்னிரண்டு.
சரியானவை ஒன்பது.
ஒன்பதும் தீசனுடையவை.
சத்தமாகவே சொன்னேன்.

காபி ஆறியது.
அவர் கோலைப் பைக்குள் வைத்தார்.
"உங்கள் தகட்டை ஒரு ராத்திரி
இரவல் தருவீர்களா?"

அவர் நகல் எடுத்தார்.
அதிலிருந்து அவர் மைத்துனர்,
அதிலிருந்து தபாலில் ஆல்பர்ட்டா, மான்டானா.
வரைபடங்கள் திரும்பி வந்தன:
நெல்லி சாறு பிழிய ஒன்று, சக்கர நாற்காலி ஒன்று,
எதற்கென்றே புரியாத ஒன்று.
யாரும் அங்குலம் எழுதவில்லை.
"நீளம் பதினேழு துளை. உயரம் ஒன்பது."

இதைப் புரோகிப் இனிக் கேட்கப்போவதில்லை,
அதனால் சொல்கிறேன்.
அந்த முளையை அடித்தது நான்.
அவன் மாடு ஈன்றதைப் பார்க்கப் போயிருந்தான்.
மைனஸ் நாற்பது.
கையுறையோடு முளையைப் பிடிக்க முடியாது.
சுத்தியல் இறங்கும் நேரம்
விரல் நடுங்கியது.
கால் நூல்.

போன வாரம் முகம் தெரியாத ஒருவர்
மான்டானாவிலிருந்து ஒரு கட்டை அனுப்பினார்,
சரிபார்க்கச் சொல்லி.
எங்கள் கட்டைமேல் வைத்துப்
பன்னிரண்டாம் துளைக்கு போல்டைக் காட்டினேன்.
தட்டவே இல்லை.
தன் கனத்தால் இறங்கியது.